சிக்கிக்கொண்ட சன்ரூஃப் - ஒரு நூறு வருஷக் கதை

கார் கூரையில ஓட்டை போடறது பெரிய விஷயமே இல்லைங்க. போட்ட ஓட்டையை மழை வர்றதுக்குள்ள மூடறதுதான் விஷயம். சன்ரூஃப்பின் வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லணும்னா இவ்வளவுதான்.

பக்கத்து ஜன்னல் கண்ணாடி இறங்கி நின்னுபோச்சுன்னா ஒரு பாலிதீன் கவரை ஒட்டி வீடு போய்ச் சேரலாம். கூரை பாதியில் நின்னுபோச்சுன்னா? சீட், கார்பெட், கார்பெட்டுக்கு அடியில் ஓடுற ஒயர் எல்லாம் நனையும். பட்டனை அழுத்தினால் "டக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி அழுத்தினால் அந்தச் சத்தமும் இருக்காது.

இது ஏன் இப்படி நடக்குதுன்னு நோண்ட ஆரம்பிச்சா, சுவாரசியமான ஒரு விஷயம் தெரிய வருது. எல்லா சன்ரூஃப்பும் ஒரே மாதிரி சிக்குறதில்லை. 1930-களின் கூரை ஒரு மாதிரி சிக்கும், 1960-களின் கூரை வேற மாதிரி, இன்னிக்கு ஓடுறது இன்னொரு மாதிரி. நம்ம தலைக்கு மேல உட்கார்ந்திருக்கிறது எந்தக் காலத்து யோசனைன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வைத்தியம் முடிஞ்ச மாதிரி. அதனால கதையை முதல்லேருந்து பார்த்துடுவோம்.

கூரை வந்தது, வானம் போச்சு

ஆரம்பகாலக் கார்களில் கூரைன்னு ஒண்ணு கிடையாது. மழை வந்தா இழுத்துப் போர்த்திக்க ஒரு கான்வாஸ், அவ்வளவே. அமெரிக்காவில் 1919-ல் விற்ற கார்களில் கிட்டத்தட்ட 10 சதவீதம்தான் மூடிய பாடி உள்ளவை. 1927-ல் அது 85 சதவீதம் ஆயிடுச்சு. எட்டே வருஷத்தில் ஒரு நாட்டுக் கார் சந்தை தலைகீழா மாறிப்போச்சு.

இதில் ஒரு வேடிக்கை. அந்த மூடிய கார்களுக்கும் முழு இரும்புக் கூரை கிடையாது. ஒரு கூரை முழுக்க வர்ற அகலத்துக்குத் தகடு செய்யவும், அதை ஒரே அழுத்தில் வளைக்கவும் அன்றைய ஆலைகளுக்கு வசதி போதவில்லை. அதனால் கூரையின் ஓரங்கள் மட்டும் தகடு. நடுவில் மரச் சட்டங்கள், மேலே பஞ்சு, அதுக்கும் மேலே தண்ணி புகாதபடி பூச்சு கொடுத்த துணி. ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய 1935 மாடல்களில் "டரட் டாப்" என்ற பெயரில் ஒரே தகட்டுக் கூரையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் துணி மெதுவாக மறைந்தது. அதாவது, கார் கூரையின் நடுவில் ஏற்கெனவே ஒரு ஓட்டை இருந்தது. அதைத் திறந்து மூடுற மாதிரி செஞ்சா என்னன்னு யாருக்காவது தோணித்தானே ஆகணும்?

தோணியது இங்கிலாந்தில். நோயல் மாப்ஸ் என்பவர் 1925-ல் நகரும் கூரைக்குக் காப்புரிமை வாங்கினார். "பிட்ச்லி" கூரைன்னு பேர். முதலில் டெய்ம்லர் கார்களில் கூடுதல் வசதியாக வந்தது. பிறகு மோரிஸ் போன்ற நடுத்தர வர்க்கக் கார்களுக்கும் இறங்கியது. மாப்ஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1930-களில் வாக்ஸ்ஹால் கம்பெனி மேலே ராயல்டி கேட்டு வழக்குப் போட்டு ஜெயித்தவர். லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்லவ் தொழிற்பேட்டையை வளர்த்தவரும் இவரேதான். அமெரிக்காவில் 1937-ல் நாஷ் கம்பெனி சன்ரூஃப்பை வைத்து விற்றது.

இந்த முதல் தலைமுறையில் மோட்டாரும் இல்லை, கேபிளும் இல்லை. ஒரு பலகை, இரண்டு பக்கமும் அது ஓடுற பள்ளம், பிடிச்சு இழுக்க ஒரு கைப்பிடி. நம்ம வீட்டு மேஜை டிராயர் மாதிரிதான். டிராயர் எதுக்கெல்லாம் சிக்குமோ அதுக்கெல்லாம் இதுவும் சிக்கும். ஈரத்தில் மரம் ஊதும், பள்ளத்தில் துரு ஏறும், ஒரு பக்கத்தை மட்டும் பிடிச்சு இழுத்தா கோணிக்கிட்டு நிக்கும். வைத்தியமும் டிராயர் வைத்தியமே. கழட்டு, சுத்தம் பண்ணு, கொஞ்சம் கிரீஸ் தடவு, நேரா தள்ளு.

தண்ணியோடு ஒரு சமாதானம்

ஆனா இந்த முதல் ஆட்கள் ஒரு பெரிய விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டாங்க. நகருகிற பலகைக்கும் நகராத கூரைக்கும் நடுவில் தண்ணியை நூறு சதவீதம் தடுக்கவே முடியாது. இறுக்கி அடைச்சா பலகை நகராது. நகரணும்னா கொஞ்சம் இடைவெளி வேணும். இடைவெளி இருந்தா தண்ணி வரும்.

அதனால் தடுக்கிறதை விட்டுட்டு, வர்ற தண்ணிக்கு வழி பண்ணாங்க. பலகையைச் சுற்றி ஒரு வாய்க்கால், வாய்க்காலின் மூலைகளிலிருந்து குழாய், அந்தக் குழாய் கண்ணாடி ஓரத்துத் தூண் வழியா இறங்கி வண்டிக்கு அடியில் தண்ணியை விட்டுடும். நம்ம ஊர் ஓட்டு வீட்டு முற்றம் மாதிரின்னு வச்சுக்கோங்க. வானம் பார்த்த இடத்தில் மழை கொட்டும், ஆனா மூலையில இருக்கிற தூம்பு வழியா போயிடும். தூம்பு அடைச்சுக்கிட்டாத்தான் கூடத்துக்குள்ள வெள்ளம்.

இன்னிக்கு வர்ற சன்ரூஃப்களிலும் இதே ஏற்பாடுதான். சுத்தி இருக்கிற ரப்பர் பட்டை பெரும்பாலான தண்ணியைத் தடுக்கும், எல்லாத்தையும் இல்லை. "சன்ரூஃப் ஒழுகுது, ரப்பர் போச்சு"ன்னு பீடிங்கை மாத்தச் சொல்றவங்க உண்டு. நிறைய சமயம் ரப்பர் மேல தப்பே இருக்காது. வேப்பிலையும் புழுதியும் சேர்ந்து மூலைக் குழாயை அடைச்சிருக்கும்.

துணிக் கூரைகளின் பொற்காலம்

ஜெர்மனியில் கதை வேறு வழியில் போச்சு. வில்ஹெல்ம் பாயர் என்பவர் 1901-ல் எஸ்லிங்கன் ஊரில் கம்பி, இரும்புச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலை ஆரம்பித்தார். 1908-ல் அது மியூனிக் அருகே இருக்கும் ஸ்டாக்டார்ஃபுக்கு இடம் மாறியது. வில்ஹெல்ம், பாயர், ஸ்டாக்டார்ஃப் - இந்த மூணு பெயரிலிருந்தும் எழுத்துகளைப் பிச்சு எடுத்து வெச்ச பேர்தான் வெபாஸ்டோ. 1932-ல் இவங்க கார்களுக்கு மடிக்கிற துணிக் கூரை செய்ய ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு உலகத்தின் பெரிய சன்ரூஃப் கம்பெனிகளில் இது ஒண்ணு.

போருக்குப் பிறகு துணிக்கூரை ஏழைகளின் சன்ரூஃப் ஆச்சு. 1948-ல் பாரிஸில் அறிமுகமான சிட்ரோயன் 2சிவி காரில் கூரை முழுக்கவே சுருட்டி வைக்கும் கான்வாஸ். 1957-ல் வந்த ஃபியட் 500-லும் துணிதான். ஆடம்பரத்துக்காக வெச்சதில்லை. துணின்னா எடை குறைவு, இரும்பும் மிச்சம். 1950 முதல் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் கோல்டே என்ற ஜெர்மன் கம்பெனியின் துணிக்கூரை கிடைத்தது.

துணிக்கூரையின் அழகு என்னன்னா, அதுக்கு வர்ற வியாதி எல்லாமே கண்ணுக்குத் தெரியும். துணி கிழியும், சுருங்கும், சட்டம் வளையும். எதுவும் ஒளிஞ்சு நடக்காது.

ஒரு பல்சக்கரம், ரெண்டு கேபிள்

1963 ஆகஸ்டில் ஆரம்பிச்ச 1964 மாடல் பீட்டிலில் துணி போய் இரும்புப் பலகை வந்தது. முன் பக்கம், கண்ணாடிக்கு மேல, மடக்கி வைக்கிற ஒரு சின்ன கிராங்க் கைப்பிடி. சுத்தினால் கூரை நகரும். இன்னிக்கு இருக்கிற சன்ரூஃப்பைப் புரிஞ்சுக்கணும்னா இந்த ஏற்பாட்டைப் புரிஞ்சுக்கிட்டா போதும். அதனால கொஞ்சம் பொறுமையா பார்ப்போம்.

ஒரு தடிமனான இரும்புக் கேபிள். அதைச் சுத்தி இன்னொரு கம்பி, திருகாணி மரை மாதிரி இடைவெளி விட்டுச் சுத்தியிருக்கும். அந்த மரைக்குள் ஒரு பல்சக்கரத்தின் பல் போய் உட்காரும். சக்கரம் சுத்தினால் கேபிள் நகரும். சாதாரண கேபிள் இழுக்க மட்டும்தான் செய்யும். இது குழாய்க்குள் ஓடுறதால தள்ளவும் செய்யும். ஒரே சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு கேபிள். ஒண்ணு இடது பக்கம் ஓடி பலகையின் இடது ஓரத்தைப் பிடிக்கும், இன்னொண்ணு வலது பக்கம் ஓடி வலது ஓரத்தைப் பிடிக்கும். சக்கரம் சுத்தினா ரெண்டும் எதிரெதிர் திசையில் ஓடும், ஆனா ஓரத்தில் வளைஞ்சு திரும்பும்போது ரெண்டும் ஒரே பக்கமா பலகையைத் தள்ளும். டிராயர் கோணுகிற பிரச்சினைக்கு அருமையான தீர்வு!

பலகை வெறுமனே பின்னால் போனால் மட்டும் பத்தாது. மூடியிருக்கும்போது அது கூரையோடு கூரையாகச் சமமா இருக்கணும். திறக்கும்போது பின் ஓரம் முதலில் கீழே இறங்கி, அப்புறம் கூரைக்கு அடியில் நுழையணும். மூடும்போது கடைசி ஒரு அங்குலத்தில் திரும்ப மேலே ஏறணும். ஏத்தமும் இறக்கமும் அதே கேபிள்தான் பார்த்துக்குது. ஒரு சின்னச் சரிவில் ஏறுகிற துண்டு அந்த வேலையைச் செய்யும். அதனாலதான் கிட்டத்தட்ட எல்லா சன்ரூஃப்புமே நடுவில் நல்லா ஓடி, கடைசி ஒரு அங்குலத்தில் மக்கர் பண்ணும். அங்கேதான் பாரம் அதிகம்.

இந்தத் தலைமுறை சிக்கினால் எப்படிக் கண்டுபிடிக்கிறது? முன்னால் நின்னு பலகைக்கும் கூரைக்கும் இருக்கிற இடைவெளியை ரெண்டு பக்கமும் அளந்து பார்க்கணும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சலா இருந்தா, ஒரு கேபிள் சக்கரத்தில் ஒண்ணு ரெண்டு பல் தாண்டிப் போயிருக்குன்னு அர்த்தம். பல்சக்கரத்தைக் கழட்டி, பலகையைக் கையால் நேராக்கி, திரும்ப மாட்டணும். சைக்கிள் செயினைத் திரும்ப மாட்டுற மாதிரி வேலைதான்.

கவனிக்க வேண்டியது இன்னொண்ணு. கிராங்கைச் சுத்துறது மனுஷக் கை. கிரீஸ் காய்ஞ்சா கைக்குத் தெரியும். "போன வாரத்தை விட இறுக்கமா இருக்கே"ன்னு மனசுல படும். சிக்குறதுக்கு எத்தனையோ மாசம் முன்னாடியே கூரை சேதி சொல்லிடும்.

மோட்டார் வந்தது, சேதி நின்னது

அமெரிக்காவில் சன்ரூஃப்பைப் பரப்பியவர் ஹைன்ஸ் ப்ரெக்டர். 1963-ல் ஜெர்மனியிலிருந்து மாணவராக சான் ஃபிரான்சிஸ்கோ வந்தவர். 1965-ல் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்கன் சன்ரூஃப் கம்பெனியை ஆரம்பித்தார். மத்தவங்க கார் கூரையை அறுத்து சன்ரூஃப் மாட்டிக்கொடுப்பதுதான் தொழில். புதுக் காரைக் கொண்டுவந்து கொடுத்து, கண்ணெதிரே கூரையை அறுக்கச் சொல்ல எவ்வளவு நம்பிக்கை வேணும், யோசிச்சுப் பாருங்க. 1968 மெர்க்குரி கூகர் காரில் இவர் கம்பெனியின் மின்சார சன்ரூஃப் ஃபேக்டரி ஆப்ஷனாகவே வந்தது. பிறகு டெட்ராய்ட் பகுதியில் பெரிய தொழிலதிபர் ஆனார். பல வருஷம் மனச்சோர்வோடு போராடி 2001-ல் தற்கொலை செய்துகொண்டார். அவர் பெயரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பைபோலார் மனநோய் ஆராய்ச்சித் திட்டம் ஒன்று நடக்கிறது.

காலமும் சன்ரூஃப்புக்குச் சாதகமா இருந்தது. கூரை இல்லாத கன்வெர்டிபிள் கார்களை அமெரிக்கக் கம்பெனிகள் ஒவ்வொண்ணா நிறுத்தின. 1976 காடிலாக் எல்டொராடோதான் கடைசின்னு விளம்பரமே செய்தாங்க (1982-ல் கிரைஸ்லர் திரும்பக் கொண்டுவந்தது வேற கதை). வானம் வேணும்னா சன்ரூஃப்தான் வழின்னு ஆச்சு. 1973-ல் லிங்கன் கான்டினென்டல் மார்க் 4 காரில் இரும்புப் பலகைக்குப் பதிலாக நிறமேற்றிய கண்ணாடி வெச்சு அதுக்கு "மூன்ரூஃப்"னு பேரும் வெச்சாங்க.

மோட்டார் வந்ததும் உள்ளே இருந்த கேபிளும் பல்சக்கரமும் மாறவில்லை. கைக்குப் பதில் மோட்டார், அவ்வளவுதான். ஆனா அந்த "அவ்வளவுதான்"லதான் எல்லாம் போச்சு. மோட்டாருக்கு இறுக்கம் உறுத்தாது. கிரீஸ் காய்ஞ்சாலும் முக்கி முக்கி இழுத்துக்கிட்டேதான் இருக்கும். ஒருநாள் பிளாஸ்டிக் துண்டு உடையும், இல்லைன்னா கேபிளின் மரை தேய்ஞ்சு சக்கரம் சும்மா சுத்தும். நமக்கு அது "திடீர்னு" நடந்த மாதிரி இருக்கும். உண்மையில் திடீர்னு எதுவும் நடக்கலை, வருஷக்கணக்கா நடந்திருக்கு. சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை.

இது அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்கும் தெரிஞ்சிருந்தது. பல கார்களில் வழுக்கிப் போகிற கிளட்ச் ஒண்ணை நடுவில் வெச்சாங்க. பலகை சிக்கினால் கிளட்ச் வழுக்கும், எதுவும் உடையாது. அவசரத்துக்குக் கையால் மூடிக்க ஒரு வழியும் வெச்சாங்க. உள்கூரையில் ஒரு சின்ன மூடி, அதைத் திறந்தா மோட்டார் தண்டின் நுனியில் அறுகோணக் குழி, டூல்கிட்டில் அதுக்கு ஒரு அலன் கீ. மோட்டார் செத்தாலும் மழைக்கு முன்னாடி மூடி வைக்கலாம்.

அடுத்து வந்தது எலக்ட்ரானிக்ஸ். குழந்தை தலையையோ கையையோ வெளியே நீட்டியிருக்கும்போது கண்ணாடி மூடினா என்ன ஆகும்? அந்த பயத்தில் வந்ததுதான் நசுங்காமல் காக்கும் ஏற்பாடு. மோட்டார் எத்தனை சுத்து சுத்துது, எவ்வளவு வேகமா சுத்துதுன்னு ஒரு சென்சார் எண்ணிக்கிட்டே இருக்கும். வேகம் சட்டுனு குறைஞ்சா நடுவில் ஏதோ இருக்குன்னு முடிவு பண்ணி கண்ணாடியைத் திருப்பி அனுப்பிடும். உயிரைக் காப்பாத்துற விஷயம், குறை சொல்லவே முடியாது. ஆனா அதுக்குக் கையும் தெரியாது, காய்ஞ்ச கிரீஸும் தெரியாது. ரெண்டும் ஒண்ணுதான். அதனால இந்தக் காலத்து சன்ரூஃப்பின் தனி வியாதி: மூடப் போகும், கடைசி அங்குலத்தில் திரும்பத் திறந்துக்கும். பேட்டரியைக் கழட்டி மாட்டினால், எங்கே இருக்கோம்ங்கிற கணக்கே மறந்துபோகிற கார்களும் உண்டு.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காதைத் தீட்டிக்கோங்க. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லையா? ஃப்யூஸ், ஸ்விட்ச், மோட்டார் - இந்த வரிசையில் பாருங்க, விலை குறைஞ்சதிலிருந்து ஆரம்பிக்கிறது நல்லது. மோட்டார் ஜோரா ஓடுற சத்தம் கேட்குது, கண்ணாடி அசையலையா? பல்சக்கரமோ கேபிளோ தேய்ஞ்சிருக்கு. மோட்டார் முனகி நிக்குதா? ட்ராக்கில் ஏதோ தடை. ஒரு பக்கம் மட்டும் நகருதா? அந்தப் பக்கத்துக் கேபிள் தாண்டியிருக்கு, இல்லைன்னா பிடிக்கிற துண்டு உடைஞ்சிருக்கு. உடனே நிறுத்துங்க, இன்னொரு தடவை அழுத்தினால் கண்ணாடி கோணி சேதம் பெருசாகும். மூடி மூடித் திறக்குதா? முதலில் ட்ராக்கைச் சுத்தம் பண்ணி கிரீஸ் வெச்சுட்டு, பிறகு கணக்கைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கணும். பல கார்களில் மூடுற பட்டனைச் சில வினாடி விடாமல் அழுத்திப் பிடிச்சாலே போதும். முறை காருக்குக் கார் மாறும், கையேட்டில் போட்டிருக்கும்.

கிரீஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. துரு எடுக்க அடிக்கிற ஸ்பிரே எண்ணெயை ட்ராக்கில் அடிக்காதீங்க. இருக்கிற கிரீஸையும் கரைச்சுட்டு, புழுதியையும் இழுத்து வெச்சுக்கும். பழசைத் துணியால் முழுசா துடைச்சுட்டு, கார் கம்பெனி சொல்ற கிரீஸை மெல்லிசா தடவினால் போதும்.

வடிகாலுக்கு இன்னும் சுலபம். கண்ணாடியைத் திறந்து, மூலையில் ஒரு டம்ளர் தண்ணியை மெதுவா ஊத்துங்க. வண்டிக்கு அடியில் தண்ணி சொட்டினால் சரி. தேங்கி நின்னா அடைப்பு. மெல்லிசான நைலான் நரம்பை விட்டுப் பதமா எடுக்கலாம். கம்ப்ரஸர் காத்தை முழு வேகத்தில் அடிச்சா குழாய் உள்ளே எங்கேயாவது கழண்டுக்கும். அப்புறம் உள்கூரை முழுசையும் பிரிக்கணும்.

கைக்கு எட்டாத கூரை

2000-களில் பனோரமிக் கூரை பரவலாச்சு. கூரை முழுக்கக் கண்ணாடி. உள்ளே பார்த்தா அதே பல்சக்கரம், அதே ரெண்டு கேபிள், அதே வாய்க்கால், அதே குழாய். ஆனா எல்லாம் ஒரே சட்டமா, உள்கூரைக்கு மேலே ஒளிஞ்சிருக்கு. கைப்பிடி அளவு பிளாஸ்டிக் துண்டு உடைஞ்சாலும், சீட்டு, தூண் மூடி, உள்கூரை எல்லாத்தையும் பிரிச்சாத்தான் தொட முடியும். சில மாடல்களில் அந்தத் துண்டு தனியா கிடைக்காது, முழுச் சட்டமும் மாத்தணும். அதைவிட உறுத்துற விஷயம், பல புது மாடல்களில் கையால் மூடுகிற அந்த அறுகோணக் குழியே இல்லை. வழியில் மோட்டார் போச்சுன்னா தார்ப்பாய்தான்.

பிட்ச்லி காலத்து ஆளுக்கு இருந்த உரிமை ஒண்ணே ஒண்ணு: தன் கூரையைத் தானே மூடிக்கிற உரிமை. நூறு வருஷத்தில் கண்ணாடி பெருசாச்சு, சத்தம் குறைஞ்சது, பாதுகாப்பு கூடியது. எல்லாம் நல்லதுதான். நடுவில் அந்த ஒண்ணு மட்டும் நழுவிப்போச்சு.

இப்ப இது நம்ம ஊர்ப் பிரச்சினையும் ஆயிடுச்சு. நெதர்லாந்தில் தொடங்கிய இனால்ஃபா கம்பெனி, கேப்ரியல் இந்தியாவோடு சேர்ந்து 2024 ஜனவரியில் சென்னைக்குப் பக்கத்தில் சன்ரூஃப் தொழிற்சாலையே திறந்திருக்கு. புழுதியும் வேப்பிலையும் அடைமழையும் ஒண்ணா இருக்கிற ஊரில் இத்தனை கூரை திறந்து மூடப்போகுது. அதனால கார் வாங்கப் போறவங்க ஷோரூமில் இன்னும் ரெண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்க. மோட்டார் போனா கையால் எப்படி மூடறது? வடிகால் எங்கே போய் விழுது? பதில் சொல்லத் தெரியலைன்னா கையேட்டை வாங்கிப் பாருங்க.

ஏற்கெனவே சன்ரூஃப் இருக்கிறவங்க, ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒருநாள் ட்ராக்கைத் துடைங்க, மூலையில் ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பாருங்க. கிராங்க் கைப்பிடி இருந்தவரைக்கும் கூரை தானா சேதி சொல்லிச்சு. இப்ப நாமதான் போய்க் கேட்கணும்.

டிஸ்கி: கண்ணாடி ஒரு பக்கம் தொங்கிக்கிட்டு இருந்தா நீங்களா கை வைக்காதீங்க. அது கனம் ஜாஸ்தி, விழுந்தா தலையிலதான் விழும். நல்ல மெக்கானிக்கா பார்த்துக் கூப்பிடுங்க :-)